வேலம்பாசியும் தாய்மாமன் மடியும்

கம்பைநல்லூரில் தங்கை வீட்டுக்குப் போனபோது, அவள் மகளின் மீன்தொட்டியில் கடையில் வாங்கிய செடி அழுகிக் கிடந்தது. ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு ஊர் ஊராகத் திரிந்தவன் நான். பெங்களூரில் மீன் கடையில் தொட்டி கழுவியிருக்கிறேன். அங்கே கட்டுக்கட்டாக விற்றது எங்கள் ஏரியில் சும்மா கிடக்கிற வேலம்பாசிதான்.

ஏரியில் அதைப்போலவே வேறு பாசிகளும் உண்டு. தண்டை விரலிடுக்கில் வைத்து உருவிப் பார்க்க வேண்டும். வேலம்பாசியின் இலை ஓரத்தில் பொடிப் பற்கள் இருக்கும், சொரசொரக்கும். அப்படிப் பார்த்துப் பறித்துக் கொண்டுவந்ததை உடனே தொட்டியில் போடவில்லை, நத்தை முட்டை ஒட்டியிருக்கும். வாளியில் போட்டுத் தினமும் தண்ணீர் மாற்றினேன். பிறகு விரல் நீளத்துக்கு நறுக்கி, கழுவிய ஆற்று மணலில் கணு புதையும்படி ஊன்றினேன். கணுவில் வெள்ளை வேர் விட்டது. ஜன்னல் வெளிச்சமே போதுமாக இருந்தது. மீன்கள் நுனியைக் கடிக்கக் கடிக்க அது வளர்ந்தது.

அதற்குள் குழந்தைக்குக் காதுகுத்து வந்துவிட்டது. எங்கள் பக்கம் தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்துவார்கள். கம்மலும் அவன்தான் கொண்டுவர வேண்டும். என்னிடம் ஒன்றும் இல்லை. பஸ் ஏறிவிடலாம் என்றிருந்தேன். குழந்தையோ வேறு யார் மடியிலும் உட்கார மாட்டேன் என்றுவிட்டாள்.

அன்று காலை தங்கையின் கணவர் என்னை வீட்டுக்குப் பின்னால் கூப்பிட்டு, என் சட்டைப் பையில் ஒரு சின்னப் பெட்டியை வைத்தார்.

“நீங்க கொண்டாந்ததாவே இருக்கட்டுங்க மச்சான்.”

கொண்டுபோய்ச் சீர்த்தட்டில் வைத்தேன். அவருடைய பெரியம்மா பெட்டியைத் திறந்து எல்லோருக்கும் காட்டினார்.

“பரவால்லையே! ஊரு சுத்துனாலும் மாமன் தங்கத்தோடதான் வந்திருக்கான்.”

என் மடியில் இருந்த குழந்தை நிமிர்ந்தாள். “அது எங்கப்பா வாங்குனது. நானும்தான் கடைக்குப் போனேன். மாமா ஏரியிலிருந்து பாசி கொண்டாந்தாரு.”

“பாசியா? அதையா காதுல மாட்டறது?” என்றார் பெரியம்மா. பந்தலே சிரித்தது.

“போ ஆயா, எம்மீனுக்கெல்லாம் அதான் வூடு!” என்றாள் குழந்தை, பெருமையாக.

தங்கை எதையோ எடுக்கப்போவது போல உள்ளே போனாள். அவள் கணவர் பந்தக்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் காது இரண்டும் கொதித்தது.

ஆசாரி ஊசியை எடுத்தார். “பாப்பா தலய ஆட்டாம புடிச்சுக்குங்க மாமா.”

இரண்டு கைகளாலும் பிடித்து, அவள் தலைமேல் குனிந்துகொண்டேன். குத்தி முடித்த பிறகும், அவள் அழுது ஓய்ந்த பிறகும், நிமிரவில்லை.