மூணாவது கிராஸும் கிளம்பணும்

பிள்ளைகளே, நம் லேஅவுட்டுக்குப் பின்னால் ஏரி எரிந்த ஞாயிற்றுக்கிழமையை நீங்கள் இருவரும் ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்லிக்கொண்டு திரிகிறீர்கள். பெரியவள் எப்போதும் ஃபயர் இன்ஜினில்தான் ஆரம்பிப்பாள். சின்னவளுக்கு மண்டபத்தில் கொடுத்த புளியோதரை மட்டும்தான் ஞாபகம். அவளுக்கு அப்போது நான்கு வயது, கூடவே வீசிங். அதனால் நடந்ததை நானே எழுதி வைக்கிறேன். பத்தாவது வரைக்கும்தான் படித்தேன், கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். எழுத்தில் பிழை இருந்தால் பெரியவள் திருத்திக்கொள்ளட்டும்.

ஏரி என்று பெயர்தான். கோடையில் அதில் தண்ணீர் இருக்காது, ஆள் உயரத்துக்குக் காய்ந்த கோரைதான் நிற்கும். ஓரத்தில் தைலமரத் தோப்பு, அதன் அடியில் யார் யாரோ கொட்டிய பிளாஸ்டிக் குப்பை. வருஷா வருஷம் யாராவது குப்பைக்குத் தீ வைப்பார்கள், அது தானாக அணைந்துவிடும். அந்த முறை காற்று அதைக் கோரைக்குள் தள்ளிவிட்டது. ஏரியை ஒட்டி முதல் குறுக்குத் தெரு, அதாவது முதல் கிராஸ், அடுத்து இரண்டாவது, அதற்கடுத்து நாம் குடியிருக்கும் மூன்றாவது.

நமக்கெல்லாம் தண்ணீர் திறந்துவிடும் வாட்டர்மேனை உங்களுக்குத் தெரியும். ஊர் கன்னட ஊர், அவரும் கன்னடக்காரர்தான், ஆனால் தமிழ் நன்றாகப் பேசுவார். நீளமான இரும்புச் சாவியை டிவிஎஸ் வண்டியில் கட்டிக்கொண்டு தெருத் தெருவாக வால்வு திறப்பார். லேஅவுட் வாட்ஸ்அப் குரூப்பில் அவர் போடும் வாய்ஸ் மெசேஜ் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். முதலில் மணி என்ன என்று சொல்வார், பிறகு எந்த கிராஸ் என்று. கடைசியில் அடுத்த மெசேஜ் எத்தனை மணிக்கு என்பதையும் சொல்லிவிடுவார். கன்னடத்தில் ஒரு தடவை, தமிழில் ஒரு தடவை. எந்த வீட்டில் சம்ப் தொட்டி சின்னது, எந்த வீட்டில் படுத்த படுக்கையாக ஆள் இருக்கிறார், எல்லாம் அவருக்கு அத்துப்படி. தண்ணீர் விஷயமாக எல்லா வாசலிலும் நின்று திட்டு வாங்கியவர் அல்லவா.

அன்று பதினொன்றரைக்கு அவர் குரல் வந்தது. "பதினொன்னரை மணி. ஏரியில நெருப்பு. ஃபயர் இன்ஜின் வந்திடுச்சு, நான் இங்கதான் நிக்கறேன். ஃபர்ஸ்ட் கிராஸ் எல்லாரும் மெயின் ரோடு மண்டபத்துக்குப் போங்க. மத்தவங்க கதவு, ஜன்னல் சாத்துங்க, கதவு அடியில ஈரத்துணி வைங்க. அடுத்த மெசேஜ் பன்னெண்டேகால்."

பக்கத்து வீட்டு அக்கா வாசலில் நின்று சிரித்தாள். "தண்ணி விடறவரு இப்ப நெருப்பு நியூஸும் வாசிக்கறாரு பாருங்க."

குரூப்பில் அதற்குள் ஆளாளுக்குப் போட ஆரம்பித்துவிட்டார்கள். ஏதோ ஒரு நாட்டுக் காடு எரியும் வீடியோவைப் போட்டு, இதுதான் நம்ம ஏரி என்றார் ஒருவர். எங்கேயோ சிலிண்டர் வெடித்ததாம் என்றார் இன்னொருவர். வாட்டர்மேன் யாரோடும் சண்டைக்குப் போகவில்லை. "பார்த்தது மட்டும் போடுங்க. உதவி வேணும்னா வீட்டு நம்பர் போடுங்க" என்று மட்டும் சொன்னார். சொன்னபடி பன்னிரண்டேகாலுக்கு அடுத்த மெசேஜ் வந்தது. இரண்டாவது கிராஸும் கிளம்பலாம், காற்று தோப்புப் பக்கம் போகிறது, மூன்றாவது கிராஸ்காரர்கள் வீட்டிலேயே இருக்கலாம், அடுத்தது ஒரு மணிக்கு.

உங்கள் அம்மா சின்னவளின் துணிகளைப் பையில் எடுத்து வைத்துவிட்டாள். "என்னங்க, கிளம்பிடலாம். இவளுக்கு ஒத்துக்காது."

"இருக்கலாம்னு அவரே சொல்லிட்டாரே. இவ்வளவு பொகையில குழந்தையைத் தூக்கிட்டு எங்க போறது?" என்றேன்.

வீட்டை இறுக்கமாக மூடிவிட்டோம். புகை அவ்வளவாக உள்ளே வரவில்லை, ஆனால் பிளாஸ்டிக் எரிந்த நாற்றம் எப்படியோ நுழைந்துவிட்டது. அப்போதுதான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். நம் வீட்டில் வெள்ளிக்கிழமைதோறும் சாம்பிராணி போடுவோம், யாருக்காவது உடம்பு சரியில்லை என்றாலும் போடுவோம். கெட்ட காற்று போய்விடும் என்பது எனக்குச் சிறு வயதிலிருந்து நம்பிக்கை. கரியைப் பற்ற வைத்து, சாம்பிராணியைத் தாராளமாகவே தூவி, ஹாலைச் சுற்றிக் காட்டினேன். நாற்றம் மறைந்தது. நல்ல காரியம் செய்ததாகத்தான் நினைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் சின்னவளுக்கு இழுக்க ஆரம்பித்தது. அம்மா இன்ஹேலரை அந்தப் பிளாஸ்டிக் குழாயில் பொருத்தி டாக்டர் சொன்ன கணக்குப்படி கொடுத்தாள். சற்றுக் குறைந்தது, நிற்கவில்லை. விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளே போய் வந்தது. நான் கதவு அடியில் இன்னொரு ஈரத்துணியைத் திணித்தேன். வெளியே இருந்துதான் எப்படியோ புகை வருகிறது என்று ஓட்டையைத் தேடிக்கொண்டிருந்தேன்.

அப்போது கதவு தட்டும் சத்தம். வாட்டர்மேன். இரண்டாவது கிராஸில் எல்லாரும் போய்விட்டார்களா என்று பார்த்துவிட்டு, நம் தெருவில் முடியாதவர்கள் இருக்கும் வீடுகளையும் ஒரு எட்டு பார்க்க வந்திருக்கிறார். சின்னவளுக்கு வீசிங் என்பது அவருக்குத் தெரியும். கதவைத் திறந்ததும் மூக்கைச் சுருக்கினார்.

"சார், என்னா வாசனை இது?"

"சாம்பிராணிண்ணா. பிளாஸ்டிக் நாத்தம் போகட்டும்னு."

"வெளிய இருக்கற பொகை சாலதா, போதாதா சார்? உள்ள வேற ஃபேக்டரி போட்டிருக்கீங்க."

சொல்லிக்கொண்டே தூபக்காலை வாங்கி, வாசல் குழாயில் காட்டி அணைத்தார். கரி சீறியது. எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. பெற்ற பிள்ளைக்கு நானே புகை போட்டிருக்கிறேன், அதுவும் கதவையெல்லாம் சாத்திவிட்டு.

அவர் என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். "உங்களை மட்டும் சொல்லல சார். செகண்ட் கிராஸ்ல ரெண்டு வீட்ல இதே கதை. எங்க வீட்டம்மாவே ஊதுபத்தி ஏத்தி வச்சிருந்தாங்க. முன்னாடியே நான் சொல்லியிருக்கணும், தோணல" என்றார். அங்கேயே நின்று போனை எடுத்து, சாம்பிராணி, ஊதுபத்தி, கொசுவத்தி எதுவும் உள்ளே ஏற்றாதீர்கள் என்று இரண்டு மொழியிலும் பேசி அனுப்பினார். எந்த வீடு என்று சொல்லவில்லை.

போனைப் பையில் வைக்கப் போனவர் அப்படியே நின்றுவிட்டார். எதிர் வீட்டு மாடியில் தண்ணீர்த் தொட்டி தெரியவில்லை. அதற்கு முன்னால் புகை இறங்கிக்கொண்டிருந்தது. நடுத்தெருவுக்குப் போய், கீழே கிடந்த காய்ந்த தைல இலை ஒன்றைக் கசக்கித் தூளாக்கித் தூவிப் பார்த்தார். தூள் நம் வீட்டுப் பக்கம் வந்தது. ஒரு மணி மெசேஜுக்கு இன்னும் நேரம் இருந்தது. ஆனால் அவர் காத்திருக்கவில்லை.

"மணி பன்னெண்டு அம்பது. பன்னெண்டேகாலுக்கு நான் சொன்னது தப்பு. காத்து திரும்பிடுச்சு. நான் சொன்னது தப்பு, மூணாவது கிராஸும் கிளம்பணும். ஏரி ரோடு வேணாம், ஃபோர்த் கிராஸ் வழியா மெயின் ரோடு போங்க. குழந்தைங்க, மூச்சு ப்ராப்ளம் இருக்கறவங்க மொதல்ல."

அதையே கன்னடத்திலும் சொன்னார். 'தப்பு' என்பதை இரண்டு மொழியிலும் இரண்டு இரண்டு தடவை. பிறகு எங்களைப் பார்த்து, "ஹொரடி சார், ஹொரடி, கிளம்புங்க" என்று விரட்டினார்.

நான் சின்னவளைத் தோளில் போட்டுக்கொண்டேன். பெரியவள் அம்மாவின் முந்தானையை ஒரு கையிலும் இன்ஹேலர் பையை மறு கையிலும் பிடித்துக்கொண்டாள். இழுத்து மூடிய வீடுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. காலையில் சிரித்த பக்கத்து வீட்டு அக்கா கேஸை மூடிவிட்டு, செருப்புகூடப் போடாமல் வந்தாள். நான்காவது கிராஸ் முனை தாண்டியதும் வானம் வெளுத்தது. என் காதோரம் சின்னவளின் மூச்சு விசில் மாதிரி கேட்டுக்கொண்டே வந்தது. அந்த விசில் நின்றுவிடக் கூடாதே என்றும், நிற்க வேண்டுமே என்றும் மாறி மாறி வேண்டிக்கொண்டு நடந்தேன்.

மண்டபத்துக்குப் பக்கத்து கிளினிக்கில் நெபுலைசர் வைத்தார்கள். "இன்னும் அரைமணி நேரம் உள்ளயே இருந்திருந்தா கஷ்டம்" என்றார் நர்ஸ். உங்கள் அம்மா என்னைப் பார்த்தாள். இரண்டாவது தடவை வைத்த பிறகு விலாத் தோல் உள்ளே போவது நின்றது. அதற்குப் பிறகுதான் சின்னவள் புளியோதரை கேட்டாள்.

சாயங்காலம் வாட்டர்மேன் மண்டபத்துக்கு வந்தார். சட்டை, புருவம் எல்லாம் சாம்பல். ஒருவர் எழுந்து அவரைப் பிடித்துக்கொண்டார். "மத்தியானம் இருங்கன்னீங்க, அப்புறம் ஓடுங்கன்னீங்க. எதைய்யா நம்பறது?"

"ரெண்டாவதா சொன்னதை நம்புங்க சார். மொதல்ல நான் பார்த்தது ஒரு காத்து, அப்புறம் பார்த்தது வேற காத்து."

"இப்பிடி மாத்தி மாத்திப் பேசினா உங்களுக்குத்தான் மரியாதை போகும்."

"போகட்டும் சார். நாளைக்கு வால்வு தொறந்தா தானா வரும்."

மண்டபமே சிரித்தது. கேட்டவரும் சிரித்துவிட்டார். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. கம்பெனியில் ஒரு லோடைத் தப்பான இடத்தில் வைத்துவிட்டால் நான் என்ன செய்வேன் தெரியுமா? சூப்பர்வைசர் திரும்பும் வரை காத்திருந்து, யாரும் பார்க்காமல் எடுத்து மாற்றி வைப்பேன். இவருக்கும் ஒரு மணி வரை பொறுத்து, புதிதாகக் காற்று மாறியது போலச் சொல்லியிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. அவர் அப்படிச் செய்யவில்லை. அதனால்தான் நாங்கள் ஒரு நிமிஷம்கூட யோசிக்காமல் கிளம்பினோம். 'நான் சொன்னது தப்பு' என்று ஒருவர் சொல்லும்போது, அதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது? உங்களுக்கு இவ்வளவு நீளமாக நான் எழுதுவது அந்த ஒரு வார்த்தைக்காகத்தான்.

நெருப்பு அணைந்துவிட்டது, ஆனால் புகை தெருவில் தங்கியிருக்கிறது, மூச்சுக் கோளாறு உள்ளவர்கள் இன்றைக்கு வீட்டுக்கு வர வேண்டாம் என்று அவர் சொல்லிவிட்டுப் போனார். பாதிப் பேர் கேட்காமல் கிளம்பினார்கள். நான் உங்கள் அம்மாவிடம் போய், "மத்தியானம் நீ சொன்னப்பவே கிளம்பியிருக்கணும். தப்பு என்னோடதுதான்" என்றேன். பெரியவளும் பக்கத்து வீட்டு அக்காவும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். கல்யாணம் ஆனதிலிருந்து நான் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அவள் சின்னவளின் துணிப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். "சரி, ஆட்டோ பிடிங்க. விவேக் நகர்ல எங்க அக்கா வீட்டுக்குப் போயிடலாம்" என்றாள்.

ஆட்டோவில் சின்னவள் அவள் மடியில் தூங்கிவிட்டாள். சிக்னலில் வண்டி நின்றபோது உங்கள் அம்மா குனிந்து, குழந்தையின் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டாள். பிறகு என் பின்னந்தலையைப் பிடித்து மெதுவாக இழுத்து, "நீங்களும் கேளுங்க" என்றாள். கேட்டேன். விசில் இல்லை. வெறும் மூச்சுதான் போய் வந்துகொண்டிருந்தது.