ஊமைப்படமும் ஒரு சாட்சிக் கடிதமும்

ஞாயிறு பகல் இரண்டு மணி பத்து நிமிடம். மாசி என்ற புறநகரில் இருந்த அந்தப் படக்கூடத்துக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது அவர்கள் இருவருக்கும் நடுவே இருந்த நாற்காலி. அதில் அவளுடைய கைப்பை இருந்தது.

கணவர் யாழ்ப்பாணத்துக்காரர், விரி என்ற இன்னொரு புறநகரில் ஒரு கிடங்கில் வேலை. மனைவி சென்னை. அவளுடைய பார்ட்னர் விசாவுக்கு, இருவரும் உண்மையாகவே சேர்ந்து வாழ்கிறார்கள் என்று தெரிந்தவர் ஒருவர் கடிதம் தர வேண்டும். அந்தத் தெரிந்தவர் நான். "நாங்க ஒண்ணா வெளிய போறத நேர்ல பாத்தா எழுத வசதியா இருக்கும்ணா" என்று அவள்தான் அழைத்திருந்தாள். பின்வரிசையில் உட்கார்ந்தேன்.

பழைய ஊமைப்படம். திடீர்ப் பணக்காரனான கசாப்புக்கடைக்காரனுக்கு அவன் மனைவி விருந்து மேசையில் நடந்துகொள்ளக் கற்றுத் தருகிறாள். எந்தக் கரண்டி எதற்கு, சூப்பை எப்படிச் சத்தமில்லாமல் குடிப்பது.

கணவர் சிப்ஸ் பொட்டலத்தைப் பிரித்தார்.

"வாய மூடிட்டு மெல்லுங்க. எல்லாரும் பாக்குறாங்க."

"படத்தில அவளும் உதைத்தான் சொல்லுறாள். பாரும், உம்மட அக்கா."

"அந்தாளு கத்துக்கவாவது செய்றான்."

"ஓம், சமைக்கிற மனுசி சொன்னா நானும் கேப்பன்."

"மூணு வேளையும் தின்னுட்டு இதையும் பேசுங்க."

"சென்னைக்குப் போயிருந்து பேசும். நான் கையெழுத்துப் போடாட்டி விசா இல்லை, தெரியும்தானே?"

படத்தில் பேச்சில்லாததால் இது கூடம் முழுக்கக் கேட்டது. முன்வரிசையில் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி திரும்பி, உதட்டில் விரலை வைத்தார். திரையில் மனைவி கணவனின் கழுத்தில் துணியை இறுக்கிக் கட்டினாள். கூட்டம் சிரித்தது. இவர்கள் சிரிக்கவில்லை.

படம் முடிந்ததும், கார்கள் நிற்கும் இடத்தில் அவள் தன் போனை என்னிடம் நீட்டினாள். கடிதத்தோடு சேர்க்க ஒரு போட்டோ வேண்டுமாம். அவர் அவள் தோளில் கை போட்டார்.

"சிரியும்."

"மொதல்ல உதட்டுல இருக்கிற உப்பத் தொடைங்க."

சட்டைக்கையால் துடைத்தார். மூன்று எடுத்தேன். மூன்றாவதில் இருவரும் சிரித்தார்கள். நான் போனை இறக்கும் முன்பே அவர் கையை எடுத்துவிட்டார்.

"உண்மையை எழுதுங்கோ" என்றார் என்னிடம்.

"உண்மையத்தாண்ணா கேக்குறோம்" என்றாள் அவள்.

இருவரும் தனித்தனிக் காரில் வந்திருந்தார்கள்; தனித்தனியாகவே போனார்கள்.

மறுநாள் கடிதம் எழுதினேன். ஞாயிறு பகல் இருவரும் ஒரே வரிசையில் அமர்ந்து, கடைசிவரை படம் பார்த்ததை நேரில் கண்டதாகக் குறிப்பிட்டேன். நாற்காலியைப் பற்றி எழுதவில்லை. அவரும் கையெழுத்துப் போட்டார்.

ஏழாவது வாரம் அவளுக்கு விசா வந்தது.