அவியளுக்கு ஒரு கேக்

ராஜபாளையத்தில் ஒரு சூப்பர் மார்க்கெட் பேக்கரிக்கு கேக் அலங்கரிக்க ஆள் தேவை என்று கண்ணாடியில் ஒட்டியிருந்தார்கள். நான் அப்போது சொந்த ஊரான ஸ்ரீவில்லிபுத்தூரில் அக்கா வீட்டில் இருந்தேன். எட்டாவதோடு பள்ளியை விட்டவன். கோட்டயம், பெங்களூரு, திருப்பூர் என்று அலைந்து, கடைசி மூன்று வருடம் பழநியில் ஒரு பேக்கரியில் இருந்தேன். அந்தக் கடையை மூடியதும் ஒரு பையோடு அக்கா வீட்டுக்கு வந்துவிட்டேன். இந்த வேலை கிடைக்காவிட்டால் மறுபடி கேரளாவுக்கு பஸ் ஏற வேண்டும். வாழ்க்கையில் முதல் தடவையாகப் போக மனமில்லாமல் இருந்தது.

மேலாளர் கோயம்புத்தூர்க்காரர். சர்டிபிகேட் இருக்கிறதா என்றார். இல்லை என்றேன்.

"சரிங்க, கை இருக்குதல்ல, செஞ்சு காட்டுங்க" என்று ஒரு வெறும் கேக்கை என் முன்னால் வைத்தார்.

க்ரீமைப் பூசி ஓரம் கட்டினேன். பத்து ரோஜா போட்டேன். அவர் போகாமல் நின்று பார்த்தார். ஏசிக் குளிரும் வெண்ணிலா வாசனையும் கலந்த அந்த மூலை, இப்போதும் எந்த பேக்கரிக்குள் நுழைந்தாலும் எனக்குத் திரும்பி வந்துவிடுகிறது. 'ஹாப்பி பர்த்டே'யை ஆங்கிலத்தில் எழுதினேன். எனக்கு அது எழுத்தல்ல, படம். பார்த்துப் பார்த்துக் கை பழகிய படம்.

அந்த நேரத்தில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா வந்தார். ராணுவத்தில் இருக்கும் கணவர் மறுநாள் காலை ரயிலில் லீவுக்கு வருகிறாராம், அன்றைக்கே பிறந்தநாளாம்.

"முட்டை போடாததுதான? நல்லாப் பாத்துச் சொல்லுங்க" என்று இரண்டு தடவை கேட்டார். நான் அலங்கரித்திருந்ததும் முட்டை இல்லாத கேக்தான். அதையே கேட்டார்.

மேலாளர் என்னிடம், "பேரை எழுதிக் குடுங்க, அதையும் பாத்துடலாம்" என்றார்.

"என்ன பேரும்மா?"

"அவிய பேருதான்."

"அவிய பேரு என்னன்னு கேக்கேன்."

"அதை எப்படித் தம்பி நான் வாயால சொல்லுவேன்? மலை மேல இருக்காருல்லா, அவரு பேருதான்."

பழநியில் மூன்று வருடம் காலையும் மாலையும் மலையைப் பார்த்தே எழுந்து படுத்தவன் நான். வேறெதுவும் யோசிக்கவில்லை. முருகன் பேர் ஒன்றைச் சிவப்பு க்ரீமில் அழகாக எழுதி அவர் பக்கம் திருப்பினேன்.

அவர் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். "ஏலே, நீ எந்த ஊர்க்காரன்லே? பொரட்டாசி மாசம் முட்டை இல்லாத கேக்கு கேக்கேன், எங்க பெருமாள் மலை தெரியலையா ஒனக்கு?"

அந்த மலைக்குப் பக்கத்து ஸ்ரீவில்லிபுத்தூர்தான் என் ஊர் என்பதை அவரிடம் மறைத்துவிட்டேன். மேலாளர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். கத்தியால் பேரைச் சுரண்டி எடுத்தேன். வெள்ளையில் சிவப்பு இழுபட்டு, அறை வாங்கிய கன்னம் மாதிரி ஆனது. அதன்மேல் புதுக் க்ரீம் பூசினேன். பெருமாளுக்கும் ஆயிரம் பேர் இருக்கிறது. இன்னொரு தடவை தவறினால் முடிந்தது. எது என்று கேட்டாலும் இவர் சொல்லப்போவதில்லை. அதனால் கணவரைச் சொல்ல அவர் வாயில் வந்த ஒரே பேரை எழுதினேன்: அவியளுக்கு.

மேலாளர் எட்டிப் பார்த்துத் திடுக்கிட்டார். "ஏனுங்க, அவியலுக்கா? கேக்கு மேல எதுக்குங்க அவியல்?"

அந்த அம்மா கண்ணாடிப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அவியல் இல்ல சார். அவிய! எங்க வீட்டு அவிய." பிறகு என்னிடம் குரலைத் தாழ்த்தி, "இதே இருக்கட்டும். பாத்தா வெக்கப்படுவாவ" என்று சொல்லிப் பெட்டியை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு போனார்.

மேலாளர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். நான் க்ரீம் பிழியும் நாசிலைக் கழுவினேன். போகச் சொல்லட்டும் என்று கழுவியதையே மறுபடி கழுவினேன்.

"பேரைத் தாளுல எழுதி வாங்காம இனிமே க்ரீமைத் தொடக்கூடாது, ஆமா" என்றார்.

அவர் உள்ளே போய் ஒரு பேக்கரித் தொப்பியை எடுத்துக்கொண்டு வந்து என்னிடம் நீட்டிய பிறகுதான் அந்த 'இனிமே' எனக்கு உறைத்தது. அங்கே நாலு வருடம் இருந்தேன். வேலை பார்த்த எந்த ஊரிலும் நான் அவ்வளவு நாள் இருந்ததில்லை.