கொடியைத் தரையில் வைத்தவள்

வானம் கறுத்தால் மார்செல்லா டொம்பெக்குக்கு முதலில் பல் கூசும். இடி அதற்கப்புறம்தான் கேட்கும். கெல்லர் ஃபால்ஸ் என்ற ஊரில் அவளை அறிந்த எல்லோருக்கும் அந்தப் பயம் தெரியும். காரணம் மட்டும் யாருக்கும் தெரியாது.

சின்ன வயதில், பண்ணையில், சித்தப்பா ஸ்டாஷ் கம்பிவேலியைச் சரிசெய்துகொண்டிருந்தார். மழை இன்னும் வரவில்லை. திடீரென்று அவர் தலைமுடி மொத்தமும் குத்திட்டு நின்றது. அவர் சிரித்துக்கொண்டே, "ஏய் மார்சி, இங்க பாரு, முள்ளம்பன்றி!" என்று கூப்பிட்டார். அவளும் சிரித்தாள். சிரிப்பு அடங்குவதற்குள் வெளிச்சம் வந்துவிட்டது. மின்னல் விழுந்த சித்தப்பா அப்புறம் எழுந்திருக்கவே இல்லை. எப்படி நடந்தது என்று கேட்டவர்களிடமெல்லாம் அவள் 'நான் பாக்கல' என்றே சொன்னாள். சிரித்ததை அவளால் யாரிடமும் சொல்ல முடியவில்லை.

பள்ளி முடித்ததும் பாலாடைக்கட்டி ஆலையில் பெட்டி தூக்கும் வேலை. நல்ல உயரம், இரும்பு மாதிரி மணிக்கட்டு. டிரம்மும் பியூகிள் என்ற ஊதுகொம்பும் வாசித்தபடி அணிவகுக்கும் ஊர்க் குழுவான கிரெனேடியர்ஸில் சேர்ந்த உடனேயே, பயிற்சியாளர் கூபியாக் தேசியக் கொடியை அவள் கையில் கொடுத்துவிட்டார். அலுமினியக் கம்பம், உச்சியில் பித்தளைக் கழுகு. இரண்டு பக்கமும் துப்பாக்கி ஏந்திய காவல் பெண்கள். குழுவை நடத்துவது பழைய ராணுவ வீரர்களின் மன்றம். அவள் அப்பா எட் அதில் ஒருவர். பசிபிக் தீவுகளில் சண்டை போட்டுவிட்டு வந்தவர். மகள் முதல்முறை கொடியோடு நடந்த அன்று மூக்கைச் சிந்துகிற சாக்கில் யாருக்கும் தெரியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அந்தக் காலத்துப் போட்டிகள் இன்றைக்கு மாதிரி இல்லை. நடுவர்கள் மேடையில் உட்காரமாட்டார்கள். அட்டையும் பென்சிலுமாக அணிக்குள்ளேயே புகுந்து, பியூகிள் ஊதுகிறவனின் வாயருகே காதை வைப்பார்கள். ஒரு சுரம் வழுக்கினால் ஒரு கோடு. ஒரு கால் தப்பினால் ஒரு கோடு. ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு புள்ளியில் பத்தில் ஒரு பங்கு போய்விடும். கொடி விஷயத்தில் கோடெல்லாம் கிடையாது. கொடி தரையில் பட்டாலோ, காவல் பெண்கள் அதை விட்டு விலகினாலோ, மொத்தப் புள்ளியில் வெட்டு ஒரேயடியாக விழும்.

அறுபத்தாறாம் வருஷம், ஜூலை. மாவட்டச் சந்தைத் திடலில் பிற்பகல் தகுதிச்சுற்று. மேற்கே வானம் பச்சையாக மாறிக்கொண்டிருந்தது. பெரும் இடிமழைக்கு முன்னால் வரும், அந்த ஊர்க்காரர்கள் யாருக்கும் பிடிக்காத பச்சை.

நுழைவுக் கோட்டில் நிற்கும்போது வலப்பக்கத்துக் காவல்காரி ரோனி உதடு அசையாமல் சொன்னாள். "மேல பாக்காதடி. முன்னால பாரு."

"வருதுடி ரோனி."

"வந்தா நனைவோம். சர்க்கரையா நாம, கரைஞ்சுபோக?"

நேரம் குறிக்கும் நடுவர் ஆரம்பத் துப்பாக்கியைச் சுட்டார். மார்செல்லா முன்னால் பார்த்தாள். கால் தாளத்தோடு போனது.

நடுத்திடலில் கொடி வணக்கம். பியூகிள்கள் மொத்தமும் அவளை நோக்கித் திரும்பி மெல்ல ஊத ஆரம்பித்தன. காற்று நின்றுவிட்டது. கையுறைக்குள் ஏதோ ஊர்வது மாதிரி இருந்தது. கம்பம் முனகியது. முதலில் அதை டிரம் அதிர்வு என்று நினைத்தாள். டிரம்கள் அப்போது ஓய்ந்திருந்தன.

பக்கத்தில் பார்த்தாள். ரோனியின் உயரத் தொப்பிக்குக் கீழே, கழுத்தோரத்து மயிர்கள் ஒவ்வொன்றாக எழுந்து காற்றே இல்லாமல் மிதந்துகொண்டிருந்தன.



"தள்ளிப் போ," என்றாள் மார்செல்லா. "ரெண்டு பேரும் என்னை விட்டுத் தள்ளிப் போங்க."

"பைத்தியமா? நடுவர் பாக்குறாரு!"

"போங்கடி!"

அவர்கள் அசையவில்லை. கொடியை விட்டுப் போகக்கூடாது என்றுதானே அவர்களைப் பழக்கியிருந்தார்கள். அவள் ஓடினாலும் கூடவே ஓடிவருவார்கள். ஆட்டுக்குட்டிகள் மாதிரி தன்னோடு சேர்ந்து சாகப்போகிறார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. மார்செல்லா மண்டியிட்டாள். கம்பத்தை, கழுகை, துணியை, எல்லாவற்றையும் புல்லில் கிடத்தினாள். இரண்டு பேரின் இடுப்புவாரையும் பிடித்து இழுத்துக் கீழே சாய்த்தாள். பார்வையாளர் பக்கமிருந்து ஒரு கிழவரின் கத்தல் கேட்டது: "கொடிய எடுடீ!"

அப்போதுதான் வெளிச்சம் விழுந்தது.

திடலின் மூலையில் இருந்த விளக்குக் கம்பத்தில் இறங்கியிருந்தது மின்னல். அதன் அருகே பெரிய டிரம்மைச் சுமந்து நின்ற ஹோவி தூக்கி எறியப்பட்டிருந்தான். உயிருக்கு ஒன்றுமில்லை. ஆனால் இடது காதிலிருந்து ரத்தம் வந்தது. அந்தக் காது அதற்கப்புறம் கேட்கவே இல்லை.

மழை ஓய்ந்ததும் போட்டி தொடர்ந்தது. கிரெனேடியர்ஸுக்குக் கொடிக்கான வெட்டு முழுசாக விழுந்தது. இறுதிச்சுற்று கை நழுவியது. பஸ்ஸில் ரோனி முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். "மின்னல் விளக்குக் கம்பத்துலதான விழுந்துச்சு, நம்ம மேல இல்லயே," என்று மட்டும் சொன்னாள்.  கொடிக் கம்பத்தைக் கிடத்தியிருக்காவிட்டால் எங்கே விழுந்திருக்கும் என்பதை யார் சொல்ல முடியும்?

அடுத்த ஞாயிறு மன்றத்தில் விசாரணை. வாசலில் கூபியாக் அவளை ஓரமாக இழுத்தார்.

"இங்க பாரும்மா. அதிர்ச்சில கை நழுவிடுச்சுன்னு சொல்லிடு. விழுந்த கொடிய மன்னிப்பாங்க. வெச்ச கொடிய மன்னிக்க மாட்டாங்க."

உள்ளே பீர் நாற்றமும் சுருட்டுப் புகையும். நீள மேஜைக்குப் பின்னால் தொப்பி அணிந்த கிழவர்கள். ஓரத்து நாற்காலியில் அப்பா, தரையைப் பார்த்தபடி. 

தலைவர் கேட்டார். "கொடி தானா விழுந்துச்சா, நீயா வெச்சியா?"

விழுந்தது என்று சொன்னால் அடுத்த வருஷம் இன்னொரு பெண் அதே கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அவளும் மேலே பார்க்கமாட்டாள்.

"நானே வெச்சேன் சார்."

"ஏன்?"

அப்போதுதான் அவள் முதல்முறையாக அதைச் சொன்னாள். கம்பிவேலி, சித்தப்பாவின் தலைமுடி, முள்ளம்பன்றி, தன் சிரிப்பு. பாதி வார்த்தைகள் காணாமல் போயின. ரோனியின் கழுத்து மயிரைப் பற்றிச் சொன்னபோது மேஜையில் யாரோ குவளையைக் கீழே வைத்தார்கள்.

அவர்கள் அவளைத் திட்டவும் இல்லை, பாராட்டவும் இல்லை. கொடியை அவளிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். அலுமினியத்துக்குப் பதில் மரக் கம்பம் வாங்கினார்கள். கழுகையும் கழற்றினார்கள்.

வீட்டுக்குப் போகும் வழியில் அப்பா காரை ஓரமாக நிறுத்தினார். இன்ஜினையும் அணைத்தார்.

"ஸ்டாஷ் கடைசில சிரிச்சானா?"

"ஆமாம்ப்பா."

"பயப்படலையா?"

"இல்லப்பா. அவருக்குத் தெரியாது."

ஸ்டாஷ் அவருடைய தம்பி. அவர் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதார். அவளுக்கு அதுவும் பயமாக இருந்தது. அப்பா அழுது அவள் பார்த்ததில்லை.

குழுவை விட்டுவிடலாம் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். கூபியாக் ஆலை வாசலுக்கே வந்து, ஹோவி இல்லாத இடத்தில் பெரிய டிரம்முக்கு ஆள் வேண்டும் என்றார். "அந்த வெயிட்ட தூக்க உன்னை விட்டா ஆள் இல்லம்மா."

"மானம் இருட்டினா நான் நிக்கமாட்டேன் சார். முன்னாலயே சொல்லிட்டேன்."

"நீ ஓடு. நானும் ஓடி வரேன்."

குழுவின் வயது வரம்பு முடியும்வரை இரண்டு கோடைகள் டிரம் சுமந்தாள். கிரெனேடியர்ஸ் ஒருமுறை இறுதிச்சுற்றுக்குப் போய்க் கடைசி இடத்தில் வந்தது. இரண்டு முறை வெறும் தூறலுக்கு டிரம்மைக் கழற்றி வைத்துவிட்டுத் திடலை விட்டு ஓடினாள். கூட்டம் ஊளையிட்டது. இரண்டாவது முறை அவள் திரும்பிப் பார்த்தபோது, அவளுக்குப் பின்னால் ரோனி, கொடி கட்டிய மரக் கம்பத்தை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டு, தொப்பி எங்கேயோ போக, மூச்சு வாங்க ஓடி வந்துகொண்டிருந்தாள்.