சைவப் பூனை

காரைக்குடியில் அண்ணன் வைத்திருக்கும் ப்ளைவுட் கடையில்தான் எனக்கு வேலை. கடைக்குப் பின்னாலேயே வீடு. கல்யாணம் ஆகாததால் அண்ணன், மதினியோடு நானும் அங்கேயே இருக்கிறேன். பத்தாவதோடு படிப்பு நின்றது. புது ஆட்களைக் கண்டால் எனக்குப் பேச்சு வராது. அதனால் வியாபாரப் பேச்செல்லாம் அண்ணனுக்கு. ஸ்க்ரூ நிறுப்பதும் கீல், தாழ்ப்பாள் எடுத்துக் கொடுப்பதும் கடையைக் கூட்டுவதும் எனக்கு.

எங்கள் வீட்டுக்குள் கவுச்சி வராது. முட்டைகூடக் கிடையாது. பலகைகளுக்கு இடையில் அடைக்கலம் தேடி வந்த வெள்ளைப் பூனைக்கும் அதுதான் சட்டம். காலையில் பால், மத்தியானம் தயிர்ச்சோறு. அது சாப்பிடுவதைப் பார்த்த நாளிலிருந்து அண்ணனுக்கு ஒரு பெருமை பிடித்துக்கொண்டது. கடைக்கு வருகிறவர்கள் விலை கேட்பதற்கு முன்பே பூனையைக் காட்டிவிடுவார்.

"எங்க வீட்டுப் பூனைகூட சைவம்ணே. பாலு, தயிர்ச்சோறு, அம்புட்டுத்தேன்."

கோவிலூரிலிருந்து வரும் மேஸ்திரி ஒருவர் மட்டும் விடமாட்டார்.

"அப்ப எலி வந்தா என்ன செய்யும்? கும்புட்டு வழியனுப்பி வச்சிருமா?"

"அதோட வாசத்துக்கே எலி ஓடிப்போயிரும்ணே."

"ஏகாதசிக்கு விரதமெல்லாம் உண்டுல்ல? இல்லாட்டி சாமி குத்தமாயிரும், பாத்துக்கிருங்க."

கடையே சிரிக்கும். நான் ஸ்க்ரூவை நிறுத்துக்கொண்டிருப்பேன். காலையில் கடையைக் கூட்டும்போது பலகைகளுக்கு அடியில் அறுந்த பல்லி வால்கள் கிடக்கும். சில நாள் அந்த வால் துடித்துக்கொண்டிருக்கும்போதே பூனை பக்கத்தில் உட்கார்ந்து வாயை நக்கிக்கொண்டிருக்கும். எலியின் குடலும் கிடந்ததுண்டு. எல்லாவற்றையும் முறத்தில் அள்ளிப் பின்பக்கம் கொட்டிவிடுவேன். என்னிடம் யாரும் எதுவும் கேட்டதில்லை.

போன வருஷம் மழை விட்ட சமயத்தில் பூனை தயிர்ச்சோற்றை மோந்து பார்த்துவிட்டு நகர ஆரம்பித்தது. பாலைக் குடித்தால் கக்கியது. முதுகெலும்பு கையில் தட்டுப்பட்டது.

"கண்ணு பட்டிருச்சு," என்றார் மதினி. "வாறவக போறவககிட்ட எல்லாம் சைவப் பூனை, சைவப் பூனைன்னு காட்டுனா? இந்தா, கெடந்து அல்லாடுது."

உப்பும் மிளகாயும் வைத்துச் சுற்றிப் போட்டார். அதற்கப்புறம் அதன் காதின் உள்பக்கம் மஞ்சளாக மாறியது. வெள்ளைப் பூனை என்பதால் நன்றாகத் தெரிந்தது. பிறகு கண்ணும் மஞ்சளானது. மஞ்சள் காமாலை என்று அண்ணன் கீழாநெல்லி பறித்து வந்து மோரில் அரைத்து ஊற்றினார். அது அவர் சட்டையிலேயே துப்பியது. ராத்திரிச் சாப்பாட்டில் நான் தலையைக் குனிந்துகொண்டு, "டாக்டர்ட்ட காட்டலாம்ணே," என்றேன். நான் ஒன்றைக் கேட்பது அபூர்வம் என்பதாலோ என்னவோ, அண்ணன் சம்மதித்தார்.

பூனையை வயர்கூடையில் வைத்துத் துண்டால் மூடி, அண்ணன் வண்டியின் பின்னால் நான் உட்கார்ந்துகொள்ள, மாட்டாஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மா அதன் ஈறைத் தூக்கிப் பார்த்தார், வயிற்றை அழுத்திப் பார்த்தார்.

"வெளிய எதையும் பிடிச்சுத் தின்னுமா? பல்லி, எலி, குருவி?"

அண்ணனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அதெல்லாம் தொடாது டாக்டரம்மா. எங்க வீட்டுப் பூனை சுத்த சைவம்."

அவர் சிரிக்கவில்லை. "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. அதைப் பொறுத்துத்தான் மருந்து."

பூனையின் தலை என் கைக்குள் இருந்தது. மூச்சு வாங்கியது.

"பல்லி தின்னும்," என்றேன். "தெனமும். எலியும் தின்னும்."

அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். டாக்டரம்மா என்னைப் பார்த்தே பேச ஆரம்பித்தார். சுவர்ப் பல்லிக்குள் ஒரு புழு இருக்கும், பல்லியைத் தின்கிற பூனையின் ஈரலுக்குள் போய்ப் பித்தம் போகிற குழாயை அடைத்துக்கொள்ளும், அதனால்தான் இந்த மஞ்சள் வந்திருக்கவேண்டும் என்றார். எலி, குருவியிலும் வயிற்றுப் புழு வரும், விஷம் தின்ற எலியைத் தின்றால் பூனையும் போய்விடும் என்றார்.

"பாலும் தயிர்ச்சோறும் பூனைக்குப் பத்தாது. முட்டையோ மீனோ வேக வச்சுக் குடுங்க. குடுத்தாலும் வேட்டையாடத்தான் செய்யும், அது பூனை. அதனால புழு மருந்தை விடக்கூடாது. இப்ப ஊசி போட்டிருக்கு. இந்த மாத்திரைய நிறுத்தாமக் குடுத்து, அடுத்த வாரம் திரும்பக் கொண்டாங்க. பொழைக்க வழியிருக்கு."

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியதும் அண்ணன் மதினியைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"உன் கொழுந்தன் ஆஸ்பத்திரியில வச்சு என் மானத்த வாங்கிட்டான். தெனமும் பல்லியத் தின்னுச்சாம். இவன் பாத்துக்கிட்டே இருந்தானாம்."

மதினி நெஞ்சில் கைவைத்தார். எங்கள் வீட்டில் பல்லியை யாரும் அடிப்பதில்லை. அது சொல்வது சாமி சொல்வது என்று அவருக்கு நம்பிக்கை.

"பல்லியத் தின்ன வாயா என் பால் கிண்ணத்துல வாய வச்சுச்சு? இனிமே இது இங்க வேணாம்."

"மருந்தும் முட்டையும் குடுத்தாச் சரியாயிரும்னாக மதினி. கடையிலயே ஒரு ஓரமா வச்சுக்கிறேன்."

"முட்டைய யாரு அவிப்பா? நீங்களா? இங்குட்டு ஒரு அடுப்பு, அங்குட்டு ஒரு அடுப்புன்னு வைப்பீகளோ?"

எனக்கு ஒரு நாளுக்கான பேச்சு ஆஸ்பத்திரியிலேயே தீர்ந்துபோயிருந்தது.

மறுநாள் நான் லோடு இறக்கப் போயிருந்த நேரத்தில், கதவு அளவெடுக்கப் பக்கத்து ஊரான கல்லலுக்குக் கிளம்பிய அண்ணன் அதே வயர்கூடையில் பூனையையும் கொண்டு போய்விட்டார். சாயங்காலம் கூடை காலியாக வந்தது.

"மீன் கடை ஓரமா விட்டுட்டேன். டாக்டரம்மா சொன்னபடி மீனாத் தின்னுட்டு நல்லா இருக்கட்டும்."

மாத்திரை அட்டை ஸ்க்ரூ டப்பாவுக்குப் பக்கத்தில் கிடந்தது. அதைப் பையில் போட்டுக்கொண்டு, அந்த ஞாயிற்றுக்கிழமை கல்லலுக்கு பஸ் ஏறினேன். மீன் விற்கிற அம்மாவிடம் கேட்பதற்கு முன் எதிர்க்கடையில் டீ வாங்கிக் குடித்தேன். எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. கடைசியில் அவரே கூப்பிட்டார்.

"என்ன வேணும்? அப்பயிருந்து இங்குட்டே பாத்துக்கிட்டு நிக்கிறீக?"

சொன்னேன்.

"வெள்ளைப் பூனையா? கண்ணெல்லாம் மஞ்சளா? அது ஒங்களுதா? ரெண்டு மூணு நாளு இந்தச் சாக்குக்கு அடியிலதான் கெடந்துச்சு. பாவமேன்னு மீன் தலையப் போட்டா மோந்து பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கிருது. என்ன பூனைய்யா அது, சைவமா?"

பிறகு காணோம் என்றார். கழிவு கொட்டும் பக்கம், கடைகளுக்குப் பின்பக்கம் எல்லாம் தேடினேன். இருட்டும்வரை தேடிவிட்டு வந்தேன்.

அண்ணனுக்கு உறைக்கட்டும் என்றுதான் அந்த அம்மா சொன்னதை அப்படியே அவரிடம் சொன்னேன். உடம்புக்கு முடியாத பூனை, சாப்பிட முடியாமல் கிடந்திருக்கிறது என்றும் சொன்னேன். அண்ணன் கேட்டுக்கொண்டே இருந்தார். அதில் எதை எடுத்துக்கொண்டார் என்பது அன்று எனக்குத் தெரியவில்லை.

மேஸ்திரி அடுத்த முறை வந்தபோது, "எங்க நம்ம சாமியாரக் காணோம்?" என்று பூனையைக் கேட்டார்.

"அது போயிருச்சுண்ணே," என்றார் அண்ணன். "கல்லல் மீன் கடையிலயே தவறி மாட்டிக்கிருச்சு. அந்தம்மா மீனா அள்ளிப் போட்டிருக்கு. மோந்துகூடப் பாக்கலையாம். பட்டினி கெடந்து உயிர விட்டிருக்கே தவிர, கவுச்சியத் தொடலை. வேணும்னா இவனக் கேளுங்க, நேர்ல போயி விசாரிச்சுட்டு வந்தவன்."

மேஸ்திரி இந்த முறை கேலி செய்யவில்லை. "அடேயப்பா," என்று என்னைப் பார்த்தார். நான் தராசைப் பார்த்தேன்.

சுவரில் டியூப்லைட்டுக்குப் பின்னாலிருந்து ஒரு பல்லி சத்தம் கொடுத்தது. பூனை போனபிறகு அவை பெருகிவிட்டன.

அண்ணன் விரலால் மேசையைத் தட்டினார்.

"பாத்தீகளா? பல்லியே சொல்லுது."