ஆணியில் தொங்கிய லீவர்

அலுவலகத்தில் அவளுக்கு ஸ்கேல் அக்கா என்று பெயர். குடிநீர் வாரியத்தில் வரைவாளர். எந்தக் குழாய் எங்கே வளைய வேண்டும், எந்த வால்வு எங்கே உட்கார வேண்டும் என்று இருபது வருடமாக வரைந்துகொண்டிருந்தவள். கையில் எப்போதும் ஓர் இரும்பு ஸ்கேல் இருக்கும். எதிரே இருப்பவர் உளற ஆரம்பித்தால் அதால் மேஜையில் ஒரு தட்டு தட்டுவாள். உளறல் நின்றுவிடும்.

நாற்பத்தொன்றாவது வயதில் அவளுடைய வலது கால் தொடைக்குக் கீழே போயிற்று. கணவன் ஸ்கூட்டர் ஓட்ட, அவள் பின்னால் உட்கார்ந்திருந்தாள். நாற்சந்தியில் ஒரு லாரி பார்க்காமல் திரும்பியது. கணவனுக்கு முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். அவன் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுப்பவன். அதே ஆஸ்பத்திரியின் மாடியில் அவள் நாற்பது நாள் கிடந்தாள். அவன் ஒரு நாள்கூட அவளைத் தனியே விடவில்லை. பார்க்க வந்தவர்களெல்லாம் இப்படி ஒரு புருஷன் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று அவளிடமே சொல்லிவிட்டுப் போனார்கள்.

கால் போனதை ஒரு வருடத்தில் அவள் ஜீரணித்துக்கொண்டாள். ஜீரணிக்க முடியாதது காலையும் மாலையும்தான். கணவனுக்கு வேலை எட்டு மணிக்கு. ஏழரைக்கே அவளை ஆட்டோவில் கூட்டி வந்து அலுவலக வாசலில் இறக்கிவிட்டுப் போவான். கதவு திறப்பது ஒன்பதரைக்கு. இரண்டு மணி நேரம் காவலாளியின் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பாள். மாலையில் எல்லாரும் போன பிறகு, அவன் வரும்வரை மறுபடி அதே ஸ்டூல். தனியாக வருகிறேன் என்றால் ஊன்றுகோலைப் பார்த்ததும் ஆட்டோக்கள் வேகம் எடுத்தன. நின்ற ஓரிருவரும் கேட்காமலேயே அவள் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார்கள். முகவரி எழுதிய பார்சலைக்கூட இவ்வளவு உரிமையோடு தூக்கமாட்டார்கள் என்று ஒருமுறை அவள் வாய்விட்டே சொன்னாள். ஆட்டோக்காரர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் வாரியம் தன் பழைய வண்டிகளை ஏலம் விட்டது. ஒரு காலத்தில் தலைமைப் பொறியாளர் போய்வந்த சீடான் கார் ஒன்று, நான்கு வருடமாகத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் வெயிலிலும் மழையிலும் நின்றிருந்தது. டயர்கள் மண்ணில் புதைந்து, கதவில் வாரியத்தின் பெயர் பாதி உரிந்து, உள்ளே எலிக் குடும்பம். இரும்பு வியாபாரிகள் கிலோக் கணக்கில் கேட்டார்கள். அவர்களுக்கு நடுவில் ஸ்கேல் அக்கா கை தூக்கினாள். வேறு யாருக்கும் அது வண்டியாகத் தெரியாததால் அவளுக்கே விழுந்தது.

கூடவே வேலை பார்க்கும் கணக்கர், "ஒத்தக் கால்ல நின்னு சாதிச்சுட்டீங்க," என்று பாராட்டிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"வேற எந்தக் கால்ல நிக்கச் சொல்றீங்க?" என்றாள் அவள்.

வண்டி வீட்டு முன்புறக் கூரைக்கு அடியில் வந்து நின்றது. கணவன் அதைச் சுற்றிச் சுற்றி வந்து, பொழுதுபோக்குக்கு நல்லதுதான் என்றான். அந்தச் சொல்லே அவளுக்குப் பிடிக்கவில்லை. இருந்தாலும் விட்டுவிட்டாள்.

ஒரு பலகையில் நான்கு சிறு சக்கரங்களைப் பொருத்தி, அதில் மல்லாந்து படுத்து, இடது காலால் தரையை உந்தி வண்டிக்கு அடியில் போனாள். அந்த இடம் அவளுக்குப் பிடித்துப் போயிற்று. காருக்கு அடியில் படுத்துவிட்டால் இரண்டு கால் உள்ளவனுக்கும் கால் ஒரு இடைஞ்சல்தான். சக்கர டிரம்மோடு ஒட்டிக்கிடந்த பிரேக் ஷூக்களைச் சுத்தியால் தட்டித் தட்டிப் பெயர்த்தாள். பிரேக் எண்ணெய்க் குழாய்கள் எல்லாவற்றையும் கழற்றி எறிந்துவிட்டுப் புதிதாகப் போட்டாள். கார்புரேட்டரைச் செய்தித்தாள்மேல் பிரித்துப் பரப்பி, ஒவ்வொரு துண்டுக்கும் எண் போட்டு வரைந்துவைத்துக்கொண்டு, பெட்ரோலில் கழுவித் திரும்பக் கோத்தாள். எலி தின்ற ஒயர்களுக்கு ஒரு முழு வரைபடமே போட்டுச் சுவரில் ஒட்டினாள். ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் தரை துருப்பிடித்து, கை நுழையும் அளவுக்கு ஓட்டை. அதற்கு அட்டையில் மாதிரி வெட்டிக் கொடுத்தாள். பற்றவைக்க வந்தவர் அந்த அளவுக்கே தகடு வெட்டி வைத்துப் பார்த்து, முதல் தடவையே பொருந்தியதும் அவளை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார்.

எட்டாவது மாதம் என்ஜின் இருமி, புகை கக்கி, ஓடியது. அவள் கண்ணாடியை இறக்கிவிட்டு அந்தச் சத்தத்தைக் கால் மணி நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மிச்சம் இருந்தது ஒன்றுதான். கிளட்சை இடது கால் பார்த்துக்கொள்ளும். பிரேக்குக்கும் ஆக்ஸிலரேட்டருக்கும் கை வேண்டும். ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒரு நீண்ட லீவர். முன்னால் தள்ளினால் பிரேக், தன் பக்கம் இழுத்தால் ஆக்ஸிலரேட்டர். காலின் பலம் கைக்கு வராது என்பதால், எடை பார்க்கும் இயந்திரத்தைச் சுவரோடு சாய்த்துவைத்து ஒரு கையால் எவ்வளவு அழுத்த முடிகிறது என்று நாலைந்து நாள் அளந்தாள். அதற்கேற்ற நீளம் கணக்குப் போட்டு, மூன்று தாளில் வரைந்தாள். லேத் வைத்திருந்த கடைசல் பட்டறை மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. ஆட்டோ உள்ளே போகாது. கணவனே தாள்களை வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வந்தான்.

பத்து நாளில் முடிய வேண்டிய வேலை. முதல் மாதம் பட்டறையில் மோட்டார் எரிந்துவிட்டது என்று கணவன் வந்து சொன்னான். இரண்டாவது மாதம் அவள் கேட்ட இரும்பு கிடைக்கவில்லையாம். மூன்றாவது மாதம் லேத்காரருக்கு முதுகுவலி. அவள் போன் செய்தால், "ஆயிடும் மேடம், ஆயிடும்," என்பார் அந்த மனிதர், அவசரமாக. அவள் அவரை வாய்க்கு வந்தபடி திட்டினாள். கணவன்தான் சமாதானம் சொன்னான். எதற்கு அவசரம், நான்தான் கொண்டுபோய் விடுகிறேனே என்றான்.

நான்காவது மாதம் ஒருநாள் அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, சந்து முனையில் ஆட்டோவை நிறுத்தி, சாக்கடை ஓரமாக ஊன்றுகோலை ஊன்றி ஊன்றி அவளே பட்டறைக்குப் போனாள். லேத் ஓடிக்கொண்டிருந்தது. லேத்காரர் நிமிர்ந்து பார்த்து, கையிலிருந்த வேலையை அப்படியே நிறுத்தினார். முதுகு நன்றாகத்தான் வளைந்து நிமிர்ந்தது.

அவள் அவரைப் பார்க்கவில்லை. அவருக்குப் பின்னால் சுவரில், ஆணியில், செய்தித்தாள் சுற்றி ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. நீளத்தைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஊன்றுகோலை நீட்டி அதைக் காட்டினாள். அவர் எடுத்துக் கொடுத்தார். தாளைப் பிரித்தாள். எண்ணெய் பூசிய புத்தம் புது லீவர், அவள் வரைந்தபடியே, ஒரு நூல் பிசகாமல். சுற்றியிருந்த தாளின் தேதியைப் படித்தாள். மூன்று மாதமும் ஒரு வாரமும் ஆகியிருந்தது.

"சார்தாங்க சொன்னாரு," என்றார் லேத்காரர். "உங்களுக்கு உடம்பு இன்னும் சரியாகல, டாக்டர் வேணாம்னு சொல்லிருக்காரு, கொஞ்ச நாள் இழுத்தடிங்கன்னு. நல்லதுக்குத்தானேன்னு நானும்…"

"வரைஞ்சது நான். என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா அண்ணே?"

அவர் குனிந்து லேத்தைத் துடைக்க ஆரம்பித்தார்.

லீவரை மடியில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். அன்று அலுவலக வாசலில் அவளைக் காணாமல் தேடி அலைந்துவிட்டு, வியர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தான் கணவன். சாப்பாட்டு மேஜைமேல் லீவர் கிடந்தது. அவன் அதைப் பார்த்தான். பிறகு உட்கார்ந்தான்.

இருவரும் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே நீ, வா, போதான். அன்று அவள், "சொல்லுங்க," என்றாள். "எத்தனை மாசம் இதை அங்க தொங்கவிடறதா இருந்தீங்க?"

அந்த 'ங்க'வில் அவன் முகம் வெளுத்துவிட்டது. பயமாக இருந்தது என்றான். அவள் தனியாக ரோட்டில் போவதை நினைத்தாலே ராத்திரி தூக்கம் வருவதில்லை, இன்னொரு தடவை அந்த மாடி வராந்தாவில் உட்கார்ந்திருக்கத் தன்னால் முடியாது என்று சொல்லிக்கொண்டே போனான்.

"பயம் உங்களுக்கு. அதுக்கு வண்டி நிக்கணும், நான் ஸ்டூல்ல உக்காரணும்," என்றாள் அவள்.

"உனக்கு ஏதாவது ஆயிட்டா…"

"ஆயிடுச்சு. அன்னிக்கு ஓட்டினது நானா?"

மூன்று வருடமாக அவள் சொல்லாமல் வைத்திருந்த வார்த்தை அது. அவன் மேல் தவறில்லை என்று போலீஸிடம் சொன்னவளே அவள்தான். இப்போதும் அவன் மேல் தவறு என்று அவள் நினைக்கவில்லை. ஆனால் சொன்னாள். சொன்னதற்குப் பிறகு வருத்தப்படவும் இல்லை. அவன் எழுந்து போய்க் கொல்லைப்புறத்தில் குழாயைத் திறந்துவைத்து வெகுநேரம் முகம் கழுவினான். அவள் லீவரை எடுத்துக்கொண்டு வண்டிக்குப் போனாள்.

அதன் பிறகு ஆறு மாதம் அவனை 'நீங்க' என்றே பேசினாள். உப்பு வேண்டுமா என்று கேட்பதுகூட ஏதோ மேலதிகாரியிடம் கேட்பதுபோல் இருந்தது. அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது என்று அவன் தன் தங்கையிடம் புலம்பினானாம்.

லீவரைப் பொருத்தி, நாலு மாதம் காலி மைதானத்தில் ஓட்டிப் பழகிவிட்டு, ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு வண்டியைச் சோதனைக்குக் கொண்டுபோன அன்று கணவனை அவள் கூப்பிடவில்லை. பட்டறையை மூடிவிட்டு லேத்காரர்தான் வந்தார். அந்த மனிதருக்கும் உறுத்தல் இருந்தது. ஆய்வாளர் வண்டியைப் பார்த்தார், லீவரை ஆட்டிப் பார்த்தார், பிறகு அவள் தலைக்கு மேலாக லேத்காரரிடம் கேட்டார்.

"இவங்களால இதை ஓட்ட முடியுமா? நீங்க வீட்டுக்காரரா?"

"இல்லைங்க, லேத்து," என்றார் அவர்.

"சார்," என்றாள் அவள். "வண்டி என்னுது, வரைஞ்சது நான், கால் போனதும் எனக்கு. கேள்விய இங்க கேளுங்க."

ஆய்வாளருக்கு அது பிடிக்கவில்லை. வரைபடத்தில் பொறியாளர் கையெழுத்து இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு அலுவலகம் போய், பொறியாளர் முன்னால் தாளை வைத்தாள். இருபது வருடமாக அவள் வரைந்ததையெல்லாம் பார்க்காமலே கையெழுத்துப் போட்டவர் அவர். இதையும் அப்படியே போட்டார். படித்துவிட்டுப் போடச் சொல்லி அவள் ஸ்கேலால் மேஜையைத் தட்டினாள். அவர் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து, மூன்று தாளையும் முழுக்கப் படித்தார். ஓர் இடத்தில் போல்ட்டின் கனம் பற்றிச் சந்தேகம் கேட்டார். நியாயமான சந்தேகம்தான். அவள் திருத்தினாள்.

இரண்டாவது தடவை ஆய்வாளர் பக்கத்து இருக்கையில் ஏறிக்கொண்டார். மேட்டில் நிறுத்தி எடுக்கச் சொன்னார், பின்னால் ஓட்டச் சொன்னார், வேகமாகப் போகும்போது திடீரென்று நிறுத்தச் சொன்னார். அவள் நிறுத்திய வேகத்தில் அவர் கையிலிருந்த பேனா முன்கண்ணாடியில் போய் மோதியது. இறங்கிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

மறுநாளிலிருந்து அவள் ஒன்பதேகாலுக்குத்தான் வீட்டை விட்டுக் கிளம்பினாள்.

கணவன் அந்த வண்டியில் ஏற ஒரு மாதம் ஆயிற்று. ஏறிய அன்றும் ஒவ்வொரு திருப்பத்திலும் அவன் வலது கால் தானாகத் தரையை அழுத்தியது. "காலை எடுங்க," என்றாள் அவள், சாலையைப் பார்த்தபடி. "அங்க பிரேக் இல்ல."

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஊருக்கு வெளியே காலி மைதானத்தில், நானும் லீவரிலேயே ஓட்டிப் பார்க்கிறேன் என்று அவனே கேட்டான். அவள் இடம் மாறி உட்கார்ந்தாள். அவன் தன் வலது காலை இருக்கைக்கு அடியில் மடக்கிக்கொண்டு, லீவரைப் பிடித்து, முதல் கியர் போட்டான். வண்டி துள்ளி நின்றது. நாலு தடவை அப்படி. ஐந்தாவது தடவை நகர்ந்தது. நிறுத்த வேண்டிய இடத்தில் பதறிப்போய் லீவரைத் தள்ளுவதற்குப் பதில் இழுத்துவிட்டான். மைதானத்து வேலிக் கல்லில் முன்பக்கம் இடித்து, ஒரு விளக்கு உடைந்தது.

அவள் வாயில் வந்ததெல்லாம் சொல்லித் திட்டினாள். அந்த விளக்குக்காக எத்தனை பழைய இரும்புக் கடை ஏறி இறங்கினாள் என்று கடை கடையாகச் சொல்லித் திட்டினாள். அவன் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். கடைசியில், தனக்கு வரவில்லை என்று மட்டும் சொன்னான்.

"வராது," என்றாள் அவள். "நாலு மாசம் பழகணும். இறங்கு."

இடம் மாறி உட்கார்ந்தார்கள். ஒற்றை விளக்கோடு வண்டியைத் திருப்பி, பழைய இரும்புக் கடைகள் இருக்கும் தெருவுக்கு ஓட்டினாள்.