இத்தாலிக்கு விழுந்த கூறு

பௌதிகத்தில் பட்டம் வாங்கிய பெண் அடுத்து என்ன செய்வாள் என்று எழுபதுகளில் செங்கல்பட்டில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். டைப்ரைட்டிங். எங்கள் பெரியப்பா பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் வைத்திருந்தார். சொல்லிக்கொடுக்கும் டீச்சருக்கென்று ஜன்னலோரத்தில் ஒரு நாற்காலி. அதை எனக்காகக் காலியாகவே விட்டிருந்தார். யாராவது பையன் தெரியாமல் உட்கார்ந்துவிட்டால், "ஏந்திருடா, அது எங்க பொண்ணு சீட்டு" என்று விரட்டுவார். ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் ஒரே வரியைத் தட்டோ தட்டென்று தட்டுகிற சத்தத்தில் என் ஆயுசு போய்விடும் என்று நிஜமாகவே பயந்தேன்.

அதிலிருந்து என்னைக் காப்பாற்றியது ஐரோப்பா. பெட்ரோல் விலை ஏறி உலகமே விழித்துக்கொண்டிருந்த காலம். அங்கே ஐந்து அரசாங்கங்கள் ஒன்றாகச் சேர்ந்து பணம் போட்டு, சூரிய வெப்பத்தை வைத்து என்னென்ன செய்யலாம் என்று ஆராய்ச்சி தொடங்கின. பணம் இருந்தது, வெயில் இல்லை. வெயிலைத் தேடி எங்கள் பக்கம் வந்தார்கள். மாமல்லபுரத்துக்கும் கோவளத்துக்கும் நடுவில் ஒரு மீனவக் குப்பத்தில் சூரியச் சூட்டில் கருவாடு காயவைக்கும் இயந்திரம் ஒன்றை நிறுத்துவதாகத் திட்டம். அதில் எனக்கு ஒருங்கிணைப்பு உதவியாளர் என்று வேலை கிடைத்தது. தற்காலிகம்தான். இயந்திரம் நன்றாக ஓடி, பார்வையிட வருகிற குழுவுக்குப் பிடித்துவிட்டால் இன்னும் மூன்று வருடம் வேலை உண்டு. பிடிக்காவிட்டால் பெரியப்பாவின் நாற்காலி.

அந்தத் திட்டத்தில் ஒரு விதி. எந்த நாடு எவ்வளவு பணம் போடுகிறதோ அந்த அளவுக்கு வேலை அந்த நாட்டுக்கே திரும்பிப் போகவேண்டும். அதனால் கண்ணாடி பிரான்சிலிருந்து வந்தது. கறுப்புத் தகடு ஜெர்மனியிலிருந்து வந்தது. காற்றாடி இத்தாலியிலிருந்து. திருகாணி ஹாலந்திலிருந்து. பெல்ஜியம் போட்டது ரொம்பக் கொஞ்சம். எல்லாம் பிரித்துக் கொடுத்தபின் மிச்சம் இருந்தது ஒருங்கிணைப்பு மட்டும்தான் என்பதால் அதை அவர்களிடம் தள்ளிவிட்டிருந்தார்கள். அப்படி வந்து சேர்ந்த பெல்ஜியத்துக்காரர்தான் என் மேலதிகாரி. ஒட்டடைக்கம்பு உயரம், வெயில் பட்டால் வெந்த இறால் நிறம், பரம சாது.

ஹாலந்துத் திருகாணி ஜெர்மன் தகட்டின் ஓட்டையில் நுழையவில்லை. தப்பு ஓட்டையில் என்று ஹாலந்தும் திருகாணியில் என்று ஜெர்மனியும் மாதக்கணக்கில் சாதித்தன. கடைசியில் குப்பத்தார் வலை பின்னுகிற நைலான் கயிறால் மொத்த இயந்திரத்தையும் இறுக்கிக் கட்டிக் கொடுத்தார்கள். நின்றது. அந்தக் கயிறு எந்த நாட்டுப் பங்கு என்று மட்டும் தயவுசெய்து கேட்காதே என்று பெல்ஜியத்துக்காரர் என்னிடம் கெஞ்சினார்.

இயந்திரத்தை ஊரிடம் ஒப்படைத்த அன்று குப்பத்தார் இரண்டு ஆடு அடித்தார்கள். கறியை ஓலைப்பாயில் கூறு போட்டார்கள். ஒவ்வொரு கூறிலும் கொஞ்சம் ஈரல், கொஞ்சம் எலும்பு, கொஞ்சம் கொழுப்பு. ஒருத்தருக்கு நல்லது, ஒருத்தருக்குச் சவ்வு என்கிற பேச்சே இல்லை. பிறகு ஒருவரைக் கடலைப் பார்த்துத் திரும்பி நிற்கச் சொன்னார்கள். ஊர்த் தலைவர் ஒரு கூறைக் கோலால் தொட்டு, "இது யாருக்கு?" என்றார். திரும்பி நின்றவர் பார்க்காமலே ஒரு வீட்டின் பேரைச் சொன்னார். சொன்னால் சொன்னதுதான், அப்புறம் முணுமுணுப்பு கூடாது. எனக்கும் பெல்ஜியத்துக்காரருக்கும்கூட ஆளுக்கொரு கூறு விழுந்தது. அவர் கண் கலங்கிவிட்டது. "நாங்கள் பதினோரு மாதம் கூட்டம் போட்டுச் செய்ததை இவர்கள் ஒரு பீடி பிடிக்கிற நேரத்தில் செய்துவிட்டார்களே!" என்றார். நல்ல முறை, மிக நல்ல முறை என்று தலைவரிடம் சொல்லச் சொன்னார். நானும் வேலை மெனக்கெட்டு மொழிபெயர்த்துச் சொன்னேன். என் வாயில் சனி இருந்தது.

இரண்டு நாள் விடுமுறை கழித்துத் திங்கட்கிழமை பஸ்ஸை விட்டு இறங்கி மணலில் நடந்து போனால் இயந்திரத்தைக் காணோம். சிமெண்ட் மேடை மட்டும் இருந்தது. அதன்மேல் ஒரு நாய் சொகுசாகப் படுத்திருந்தது.

பக்கத்து வீட்டில் கருவாடு விற்கிற அக்கா பல் விளக்கிக்கொண்டிருந்தாள். நான் பையைக் கீழே போட்டுக் கத்தினேன். "அக்கா, மெஷின் எங்க?"

"இன்னா டீச்சரம்மா இப்டி கத்துற? கூறு போட்டாச்சு." கையில் பை வைத்திருக்கும் பெண் எல்லாம் அவளுக்கு டீச்சரம்மாதான்.

"மெஷினையா?"

"பின்ன? அதுல நாலு வூட்டு மீன்தான் புடிக்குது. மொதல்ல என் மீனா உன் மீனான்னு ஒரே பேஜாரு. முடியப் புடிச்சுகினு சண்ட. பொதுவா வந்த பொருள பிரிக்காம வெச்சா ஊரு ரெண்டாப் பூடும்னு தலைவரு கூறு போட்டுட்டாரு. அந்தத் தொரயே நல்ல மொறன்னு சொன்னாருல்ல?"

கோவளத்திலிருந்து சாமி படத்துக்குக் கண்ணாடி போடுகிறவரை வரவழைத்து பிரெஞ்சுக் கண்ணாடியை வீட்டுக்கொரு துண்டாக அறுத்திருந்தார்கள். ஜெர்மன் தகட்டையும் அப்படியே வெட்டியாயிற்று. வீட்டுக்கு ஒரு பிடி ஹாலந்துத் திருகாணி. ஆட்டுத் தலை எப்போதும் தலைவருக்கு என்பதால் இயந்திரத்தின் உச்சியில் இருந்த வெப்பமானி அவர் சட்டைப் பையில் இருந்தது. பிரிக்க முடியாத பொருள் அம்மனுக்கு என்பது வழக்கம். ஆகவே இத்தாலியக் காற்றாடி அம்மன் கோயிலில், மாலை போட்டுக்கொண்டு.

"உன் கூறு பத்திரமா கீது. யாரும் கை வெக்கல" என்று அக்கா ஓலையால் மூடிவைத்திருந்ததை எடுத்துக் கொடுத்தாள். ஒரு கண்ணாடித் துண்டு, ஒரு தகடு, கொஞ்சம் திருகாணி. அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. இரண்டையும் செய்தேன்.

பெல்ஜியத்துக்காரர் நாயைக் கொஞ்சம் நகரச் சொல்லிவிட்டு மேடையில் உட்கார்ந்தார். திரும்பச் சேர்த்துக் கட்டலாமா என்று தலைவரைக் கேட்டோம். விழுந்த கூறைத் திருப்பிக் கேட்டால் அம்மன் கோபித்துக்கொள்ளும் என்று சொல்லிவிட்டார். பார்வையிடும் குழு மறுநாளே வருவதாக இருந்தது. அன்று ராத்திரி கனவில் பெரியப்பா அந்த நாற்காலியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

நான்கு நாட்டுக்கு நான்கு பேர் காரில் வந்து இறங்கினார்கள். எனக்கு வந்த கோபத்தில் பயம் போய்விட்டது. மூடி மறைத்து என்ன ஆகப்போகிறது? "இயந்திரம் ஊர் முழுக்க இருக்கிறது, வாருங்கள்" என்று வீடு வீடாக அழைத்துப் போனேன். தகட்டின்மேல் நெத்திலி காய்ந்துகொண்டிருந்தது. காக்கை கொத்தாமல் இருக்க மேலே கண்ணாடியை முட்டுக்கொடுத்து வைத்திருந்தார்கள். காய்கிறதா என்று குழு கேட்கவே இல்லை. அவர்கள் கவலை வேறு. பிரெஞ்சுக்காரர் ஒவ்வொரு வாசலிலும் தன் நாட்டுக் கண்ணாடியைப் பார்த்துப் பூரித்தார். ஜெர்மன்காரர் தகட்டைத் தட்டித் தட்டிப் பார்த்தார். ஹாலந்துக்காரர் ஒரு குழந்தை ஹாலந்துத் திருகாணியை வைத்துப் பல்லாங்குழி ஆடுவதைப் படம் எடுத்துக்கொண்டார். இத்தாலிக்காரருக்கு மட்டும் முகம் தொங்கிவிட்டது. எல்லா நாடும் எல்லா வீட்டிலும் இருக்கிறது, இத்தாலி ஒரே இடத்தில்தானா? கோயிலில் இருப்பது பெருமை இல்லையா என்றார் பிரெஞ்சுக்காரர். அப்படியானால் எங்கள் தகடு ஏன் கோயிலில் இல்லை என்று ஜெர்மன்காரர் ஆரம்பித்தார்.

அந்தக் களேபரத்திலேயே அவர்களுக்கு ஒன்று புரிந்தது. ஒரே இடத்தில் நிற்கிற இயந்திரத்துக்கு ஒருங்கிணைப்பே தேவையில்லை. ஊர் முழுக்கச் சிதறிக் கிடக்கிற இயந்திரத்துக்கு அது இல்லாமல் முடியாது. உதவியாளர் வேலையை நீட்டிக்கவேண்டியதுதான் என்று நால்வரும் ஒத்துக்கொண்டார்கள். எனக்கு உயிர் வந்தது. ஆனால் சம்பளம் எந்த நாட்டுக் கணக்கில் என்றதும் வந்த உயிர் மறுபடி போயிற்று. உன் பங்கு, என் பங்கு என்று மணலில் நின்று அரைமணி நேரம் கத்தினார்கள். முடிவு வராவிட்டால் வேலையை எடுத்துவிடலாம் என்றார் ஹாலந்துக்காரர்.

"இன்னாம்மா சண்ட?" என்றார் தலைவர். நான் விஷயத்தைச் சொன்னேன்.

"அட, இவ்ளோதானா? இதுக்கா இந்தக் கத்து கத்துறானுங்க!"

அவர் ஜெர்மன்காரரின் தோளைப் பிடித்துக் கடலைப் பார்த்துத் திருப்பினார். கோலை நீட்டி என் தோளைத் தொட்டார். "இது யாருக்கு?"

என்னை யாருக்கு என்று நானே மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. ஜெர்மன்காரர் கொஞ்சமும் சிரிக்கவில்லை. பொறுப்பாக யோசித்தார். கடலைப் பார்த்தபடியே, "இத்தாலி" என்றார். இத்தாலிக்காரர் தொப்பியைக் கழற்றி எனக்குத் தலை வணங்கினார். முணுமுணுப்பு இல்லை.

அந்த வாரமே பெரியப்பாவிடம் போய், நாற்காலியை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்று சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"மெஷினு ஓடுதாம்மா?"

"வூட்டுக்கு வூடு ஓடுது பெரியப்பா."

"அப்ப உனக்கு ஆபீஸு எங்க? நீ எங்கதான் உக்காருவ?"

பெரியப்பா கேட்டதும் சரிதான். மூன்று வருடம் இத்தாலி சம்பளம் கொடுத்தது, நாற்காலி கொடுக்கவில்லை. ஆனால் அந்தக் குப்பத்தில் நான் போன வீட்டிலெல்லாம் கருவாட்டைத் தள்ளிவிட்டு எனக்குப் பாய் போட்டார்கள்.